தேனீக் கொட்டு ஒவ்வாமைப் பரிசோதனை: கிருஷ்ணகிரியில் இரண்டு இடங்கள், இரண்டு ரசீதுகள்

கிருஷ்ணகிரி நகரில், பெங்களூரு சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மட்டும் இயங்கும் ஒவ்வாமைச் சிகிச்சையகம் ஒன்றுக்கு ஏப்ரல், மே மாதங்களில் நானும் என் மனைவியும் மூன்று முறை சென்று வந்தோம். இந்த மதிப்பீடு அதைப் பற்றியது. அதற்கு முன் நாங்கள் பணம் கட்டி ஏமாந்த ஒரு பரிசோதனைக் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டின் பெயரையும் எழுதவில்லை; ஒன்றைப் புகழ்ந்தால் விளம்பரம் என்பார்கள், மற்றதைக் குறை சொன்னால் வம்பு வரும். தேனீ கொட்டி உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போய் மீண்ட ஒருவர், எந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டினாலும் என்ன கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தால் போதும்.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூராவும் செந்தூராவும் பாதிப் பாதி. ஆறு ஆண்டுகளாக எட்டுத் தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறேன். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கொட்டாவது வாங்காமல் இருந்ததில்லை; கொட்டிய இடம் வீங்கும், மறுநாள் வற்றிவிடும், அதோடு சரி. இந்த மார்ச் மாதம் ஒரு பெட்டியைத் திறந்தபோது ஒரே ஒரு தேனீ காதுக்குப் பின்னால் கொட்டியது. மனைவி வழக்கம்போல் சுண்ணாம்பு எடுத்து வரப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் இரண்டு உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் நெருப்பில் வைத்ததுபோல் அரிக்கத் தொடங்கின. அடுத்து வயிற்றிலும் தொடையிலும் தடிப்புகள் எழும்பின, குரல் கம்மியது, வாந்தி வந்தது, கண் இருட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பையன் என்னை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, மனைவி பின்னால் பிடித்துக்கொள்ள, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். அங்கிருந்த இளம் மருத்துவர் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் சலைன் பாட்டிலையே தேடினார். “அவில் ஊசி போட்டால் போதாதா” என்று என் மனைவி கேட்டதற்கு, அவில் அரிப்பைத் தணிக்கும், இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது என்றார். அடங்கிய அறிகுறிகள் சில மணி நேரம் கழித்து மீண்டும் தலைகாட்டக்கூடும் என்பதால் அன்றிரவு அங்கேயே படுக்கவைத்தார்கள். அந்த மருத்துவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

வெளியே வரும்போது தந்த சீட்டில் ‘ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்ளவும்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வாரமே ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். ‘முழு அலர்ஜி பேக்கேஜ்’ என்று சொல்லி ரூ.5,500 வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் வழவழப்பான தாளில் ஒன்பது பக்க அறிக்கை வந்தது. கத்தரிக்காய், இறால், வேர்க்கடலை, பார்த்தீனியம், கரப்பான் பூச்சி, நாய் முடி என்று வரிசையாக இருந்தது. சில வரிகளுக்கு மஞ்சள், சிலவற்றுக்கு ஆரஞ்சு நிறம். ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்புப் பொருளான ஐஜிஇயின் மொத்த அளவு 640 என்று சிவப்பில் இருந்தது. இரண்டு முறை புரட்டிப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்: ஒன்பது பக்கத்திலும் தேனீ இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, “அது இந்த பேக்கேஜ்ல வராதுங்க சார், டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். தேனீ கொட்டித்தான் வந்திருக்கிறேன் என்று இரத்தம் எடுத்தவரிடம் நான் சொல்லியிருந்தேன். அந்த மஞ்சள் வரிகளை நம்பி என் மனைவி மூன்று வாரம் கத்தரிக்காயையும் வேர்க்கடலையையும் வீட்டுக்குள் விடவில்லை என்பது தனிக் கதை. வேர்க்கடலை விளையும் மாவட்டத்தில் பிறந்து நாற்பத்தாறு வருடம் அதைத் தின்று வளர்ந்தவனுக்கு அது ஆகாது என்று ஒரு தாள் சொன்னால், தாளைச் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

கொட்டு வாங்கி ஐந்து வாரம் கழித்துத்தான் இந்தச் சிகிச்சையகத்தில் இடம் கிடைத்தது. தாமதமானதே என்று நான் நொந்துகொண்டிருக்க, அதுதான் சரியான நேரம் என்றார் மருத்துவர். கொட்டிய முதல் சில வாரங்களில் உடலில் உள்ள எதிர்ப்புப் பொருள் செலவாகிப்போய் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும் என்பதால், நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்துப் பார்ப்பதே முறையாம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். காத்திருப்பு அறையில் பன்னிரண்டு நாற்காலி, இருபது பேர். உள்ளே போனதும் நான் ஒன்பது பக்கத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி, படிக்காமல், மேசையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

பிறகு நாற்பது நிமிடம் கேள்விகள்தான். கொட்டியதற்கும் முதல் அறிகுறிக்கும் எத்தனை நிமிடம், எது முதலில் எது பின்னால், மயக்கம் உட்கார்ந்திருந்தபோதா நின்றபோதா, அன்று காலை என்ன மாத்திரை, அதற்கு முந்தைய கொட்டு எப்போது, கொடுக்கு தோலில் நின்றதா நிற்கவில்லையா. நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு கோடு போட்டு நிமிடங்களைக் குறித்துக்கொண்டே வந்தார். உதடு வீங்கியதுதான் முதலில் என்று நான் சொன்னபோது என் மனைவி குறுக்கிட்டாள்: “இல்லைங்க டாக்டர், உதடு வீங்கினது பைக்ல போறப்பதான். முதல்ல உள்ளங்கைதான் அரிச்சுது, சுண்ணாம்பு டப்பாவைக்கூட இவரால பிடிக்க முடியலை.” அவர் கோட்டில் ஒன்றை அடித்துவிட்டு இடம் மாற்றி எழுதினார். கொட்டு வாங்கியவனைவிடப் பக்கத்தில் நின்றவருக்கு வரிசை நன்றாகத் தெரியும், அதனால்தான் உடன் வந்தவரையும் உட்காரச் சொல்கிறேன் என்றார். இந்த இடத்துக்கு நான் கொடுத்த கட்டணத்தில் மிகப் பெரிய மதிப்பு இந்த நாற்பது நிமிடத்துக்குத்தான்.

ஏன் என்பதை அவரே விளக்கினார். தேனீ விஷம் யார் தோலில் ஏறினாலும் வலியும் வீக்கமும் வரும். அது விஷத்தின் வேலை, ஒவ்வாமை அல்ல. பத்து சென்டிமீட்டருக்கு மேல் வீங்கி ஒரு நாளைக்கு மேல் நின்றால் அது பெரிய வீக்க எதிர்வினை. தொல்லைதான், ஆனால் அப்படிப்பட்டவர்களில் அடுத்த கொட்டில் உடல் முழுதும் எதிர்வினை வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். எங்கள் தோப்பில் களை வெட்டும் பெண்மணிக்குக் கொட்டிய விரலிலிருந்து முழங்கை வரை வீங்கி இரண்டு நாள் நின்றதைச் சொன்னேன். அது இந்த வகை என்றார். கொட்டிய இடத்தை விட்டு விலகிய உறுப்புகளில், அதாவது வேறிடத் தோலில், மூச்சில், குடலில், இரத்த ஓட்டத்தில் அறிகுறி வந்தால்தான் அது அஞ்ச வேண்டிய வகை. நான் அதைச் சேர்ந்தவன் என்பது பரிசோதனைக்கு முன்பே, அந்தக் கோட்டிலேயே முடிவாகிவிட்டது. எந்தப் பூச்சி, எவ்வளவு வலுவாக, மறைந்திருக்கும் வேறு நோய் ஏதேனும் உண்டா என்பதற்குத்தான் இரத்தம் எடுக்கப் போகிறோம் என்றார்.

எந்தப் பூச்சி என்பதில் இவர் காட்டிய அக்கறை எனக்கு வியப்பாக இருந்தது. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது தோலில் மாட்டிக்கொண்டு விஷப்பையோடு பிய்ந்து நின்றுவிடும். குளவிக்கு அப்படி நிற்பதில்லை, ஒரே குளவி பலமுறை கொட்டும். நின்றுபோன கொடுக்கு மேலும் விஷத்தை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும் என்பதால், நகத்தால் கிள்ளி எடுத்தாலும் கத்தியால் வழித்தாலும் ஒன்றுதான், முதல் சில நொடிகளுக்குள் எடுக்க வேண்டும் என்பதே முக்கியம். வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று தேனீ வளர்ப்புப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நம்பி அட்டை தேடிக்கொண்டிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பெட்டித் தேனீயும் பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு கட்டும் மலைத் தேனீயும் வெவ்வேறு இனங்கள் என்றாலும் அவற்றின் விஷத்தில் பொதுவான புரதங்கள் உண்டு. எனவே இத்தாலியத் தேனீயின் விஷத்தை வைத்துச் செய்யப்படும் பரிசோதனை நம்மூர்த் தேனீக்கும் ஓரளவு பொருந்தும். குளவியின் கதை வேறு. ஆய்வகங்களில் ‘குளவி’ என்று வழக்கமாகச் செய்யப்படும் பரிசோதனை குளிர்நாட்டு மஞ்சள் குளவிக்கானது. அந்த இனம் நம் சமவெளியில் இல்லை. ஆகவே நம் பக்கத்துக் குளவியோ கடந்தையோ கொட்டி அவதிப்பட்டவருக்கு அந்தப் பரிசோதனை ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம் என்றார். இதை எனக்கு முன்பு யாருமே சொன்னதில்லை.

தோல் பரிசோதனையை அங்கே செய்யவில்லை. சுவரில் படமெல்லாம் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று கேட்டேன். அது தூசிக்கும் மகரந்தத்துக்கும். தேனீக்கு என்றால் சுத்தமான விஷச் சாறு வேண்டும், மிக நீர்த்த அளவில் தொடங்கிப் பத்துப் பத்து மடங்காக ஏற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் இருபது நிமிடம் பார்க்க வேண்டும், எதிர்வினை வந்தால் சமாளிக்கும் வசதியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். பூச்சியை அப்படியே அரைத்து எடுத்த முழு உடல் சாற்றை வைத்து யாராவது ஊசி போட முன்வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றும் எச்சரித்தார். அந்தச் சாறு வெறும் தண்ணீர் ஊசியைவிட மேலானதல்ல என்பது அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு வெளியான ஆய்விலேயே தெளிவாகிவிட்டதாம்; விஷத்தையே மருந்தாக்கும் முறைக்கு அங்கே 1979இல் அனுமதி கிடைத்தது அதன் பிறகுதான். தன்னிடம் இல்லாததை இல்லை என்று சொல்லும் மருத்துவமனைகள் குறைவு. அதற்காகவே இவருக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போடலாம்.

ஆனால் இதே இடத்தில் ஒரு குளறுபடியும் நடந்தது. முன்பதிவு செய்தபோது வரவேற்பில் இருந்தவர், அரிப்பு மாத்திரை எதுவானாலும் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு வரச் சொன்னார். நிறுத்தினேன், பூக்காலத் தூசியில் எனக்கு வழக்கமாக வரும் தும்மலும் அரிப்பும் சேர்ந்து நான்கு இரவு தூங்கவில்லை. பிறகு கேட்டால், அந்தக் கட்டுப்பாடு தோல் பரிசோதனைக்கு மட்டும்தான், இரத்தப் பரிசோதனைக்கு அரிப்பு மாத்திரை ஒரு தடையே இல்லை என்கிறார்கள். எல்லா நோயாளிகளுக்கும் ஒரே பாடத்தை ஒப்பிக்கும் வழக்கத்தை அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரத்த மாதிரியை வெளியூருக்கு அனுப்பி வரவழைக்க ஒன்பது நாளாயிற்று. தேனீ விஷத்துக்கான தனி ஐஜிஇ 7.4 என்று வந்தது, 0.35க்கு மேல் இருந்தால் ‘உண்டு’ என்பது வழக்கமான எல்லை. குளவிக்கு 0.6. இரண்டுமே ‘உண்டு’ என்று அச்சிட்டிருந்ததால் எனக்குக் குளவியும் ஆகாதோ என்று பயந்தேன். தேனீ விஷத்திலும் குளவி விஷத்திலும், ஏன், பல செடிகளிலும்கூட ஒரே மாதிரியான சர்க்கரைச் சங்கிலிகள் புரதத்தோடு ஒட்டியிருக்கும் என்றும், சிலருடைய உடல் அந்தச் சர்க்கரையை அடையாளம் கண்டு வைத்திருப்பதால் இப்படிச் சிறிய எண்கள் வரும் என்றும், குளவி கொட்டி எனக்கு ஒன்றும் ஆகாதவரை அந்த 0.6ஐ மறந்துவிடலாம் என்றும் சொன்னார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார். 7.4 என்பது 70ஆக இருந்தாலும் அடுத்த கொட்டு பத்து மடங்கு மோசமாகும் என்று பொருளில்லை. இந்த எண் உண்டு இல்லை என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு கடுமை என்பதைச் சொல்லாது. டிரிப்டேஸ் என்ற மூன்றாவது பரிசோதனை 4.8 நானோகிராம் என்று வந்தது. 11.4க்கு மேல் இருந்தால், ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்களை வெளிவிடும் மாஸ்ட் செல்கள் உடலில் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும் ஒரு நோயை ஐயப்பட வேண்டும், அந்த நோய் உள்ளவர்களைத் தேனீக் கொட்டு மிகக் கடுமையாகத் தாக்கும் என்பதால்தான் அதைப் பார்த்தாராம். விலையில் மூன்றிலும் கூடியது அதுதான். எதற்காக என்று பணம் கட்டுமிடத்தில் யாரும் சொல்லவில்லை.

அடுத்த முறை பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துப் போயிருந்தோம். அப்பாவுக்கு இருப்பதால் அவளுக்கும் பார்த்துவிடலாம் என்பது என் மனைவியின் விருப்பம். அவளை ஒருமுறை தேனீ கொட்டியிருக்கிறது, சாதாரண வீக்கத்தோடு போய்விட்டது. மருத்துவர் மறுத்துவிட்டார். கொட்டால் எந்தப் பாதிப்பும் அடையாத பெரியவர்களிலேயே பத்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை இந்தப் பரிசோதனையில் ‘உண்டு’ என்று வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தோப்புப் பக்கமே விடாமல் அடைத்து வைப்பீர்கள், வேறு பயனில்லை என்றார். வலிய வந்த வருமானத்தை வேண்டாம் என்று ஒருவர் சொல்வதை நான் பார்த்தது, அந்த ஒன்பது பக்கத்துக்குப் பிறகு, ஆறுதலாக இருந்தது.

அட்ரினலின் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் பேனா வடிவில், அழுத்தினால் தானே குத்தும் ஊசி இருக்கிறதாம். நான் விசாரித்த நான்கு மருந்துக்கடைகளில் ஒன்றிலும் கிடைக்கவில்லை. ஆகவே ஆம்பூல் எனும் சாதாரணக் கண்ணாடி மருந்துக் குப்பியும் ஒரு மில்லி சிரிஞ்சும்தான். செவிலியர் அம்மா என் மனைவியை எதிரில் உட்காரவைத்து, வெறும் நீர் நிறைந்த ஆம்பூலின் கழுத்தைத் துணி சுற்றி உடைக்கவும், அரை மில்லி மட்டும் இழுக்கவும், காற்றை வெளியேற்றவும், அங்கே கிடந்த ஒரு மாங்காயில் நேராகக் குத்தவும் சொல்லிக் கொடுத்தார். முதல் ஆம்பூல் அவள் கையில் நொறுங்கியது. இரண்டாவதில் இழுக்கும்போது கை நடுங்கியது. ஐந்தாவது முறை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர், “நாற்பது செகண்டுங்க அக்கா, போதும்” என்றார். தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறம், அவசரமென்றால் வேட்டியின் மேலேயே குத்தலாம். என் எடைக்கு அரை மில்லி, குழந்தைகளுக்கு எடைக்கேற்பக் குறையும். மருந்து வெளிச்சம் படாத இடத்தில் இருக்க வேண்டும், வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, நிறம் மாறினால் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஊசி போட்டதும் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். இரத்த அழுத்தம் இறங்கிய ஒருவரை நிமிர்த்தி உட்காரவைப்பதே உயிருக்கு ஆபத்தாகலாமாம். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோன பையனுக்கு இதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை. நல்லது செய்த பிள்ளையின் மனம் நோகும்.

இரத்த அழுத்தத்துக்கு நான் விழுங்கி வந்த மாத்திரை பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது என்பதைப் பழைய சீட்டைப் பார்த்துக் கண்டுபிடித்ததும் இவர்தான். அது அட்ரினலினின் வேலையைத் தடுக்கக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி, எங்கள் குடும்ப மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். இப்போது வேறு மாத்திரை.

இங்கே கிடைக்காதது நிரந்தரமான சிகிச்சை. தேனீ விஷத்தையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு கொட்டுக்குச் சமமான 100 மைக்ரோகிராம் வரை ஏற்றி, மூன்று முதல் ஐந்து ஆண்டு தொடர்ந்து ஊசியாகப் போடும் முறை அது. தேனீக்கு நூற்றில் 77 முதல் 84 பேருக்கும், குளவிக்கு அதைவிடக் கூடுதலானோருக்கும் பாதுகாப்புத் தருகிறதாம். தேனீ வளர்ப்பை விட மனமில்லாத என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது மிகவும் வேண்டியது. அதற்குப் பெங்களூருவில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தந்திருக்கிறார். செலவையும் மாதாமாதம் தொண்ணூறு கிலோமீட்டர் போய் வருவதையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை எட்டுப் பெட்டிகளும் பர்கூரில் இருக்கும் பங்காளி வீட்டில் நிற்கின்றன.

மற்ற குறைகள்: அறிக்கைகள் முழுவதும் ஆங்கிலத்தில்தான், நெருக்கடி நேரத்தில் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் சீட்டுக்கூட ஆங்கிலத்தில் இருந்தது, நாங்கள் கேட்ட பிறகு செவிலியர் கையால் தமிழில் எழுதித் தந்தார். மருத்துவர் இல்லாத நாட்களில் தொலைபேசியை எடுப்பவருக்குத் தேதி கொடுப்பதைத் தவிர எதுவும் தெரியாது. முதியவர்களுக்கு மாடிப்படி ஏறுவது சிரமம். மூன்று வருகைக்கும் சேர்த்து மருத்துவர் கட்டணம் ரூ.1,800, பரிசோதனைகளுக்கு ரூ.8,200 ஆயிற்று. ஒன்பது பக்க பேக்கேஜையும் கூட்டினால் மனம் கசக்கிறது.

போக நினைப்பவர்கள் எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோங்கள், கொட்டியபோது பக்கத்தில் இருந்தவரையும் கூட்டிப் போங்கள். காலை எட்டரைக்கே டோக்கன் வாங்கிவிட்டால் மதியத்துக்குள் வெளியே வந்துவிடலாம். எங்களுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு ஆம்பூல்களும் தோட்டத்து வீட்டில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால், ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கின்றன. அவை காலாவதியாகும் தேதியை என் மனைவி கதவின் உட்புறத்தில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே, சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறாள்.